விரலில் 98 காட்டினால் நுரையீரல் நலம் என்று அர்த்தமா?

 

கொரோனா காலம் நம் வீடுகளில் விட்டுச் சென்ற பொருட்களில் ஒன்று, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 2020க்கு முன்பு ஐ.சி.யூ. அறையில் மட்டுமே நாம் பார்த்திருந்த கருவி அது. இன்று தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம், இடலாக்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் பல வீடுகளின் அலமாரியில் சுகர் பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. உம்மாவுக்கு இளைப்பு என்றால் பிள்ளைகள் உடனே எடுத்து விரலில் மாட்டுகிறார்கள். 97 அல்லது 98 வருகிறது. "ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணுமில்ல, கொஞ்சம் படுங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இந்த நிம்மதி பல நேரங்களில் பொய்யானது. நுரையீரலின் சக்தியில் பாதியை இழந்த ஒருவருக்கும் விரலில் 97 காட்டலாம். ஏன் அப்படி, மூச்சை அளக்க வேறு என்ன கருவிகள் உண்டு, யார் எப்போது அளந்து பார்க்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வேலைகள், இரண்டு கேள்விகள்

நுரையீரல் செய்யும் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். வெளிக்காற்றைக் குழாய்கள் வழியாக உள்ளே இழுத்து, மீண்டும் வெளியே தள்ளுவது முதல் வேலை. உள்ளே வந்த காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இரத்தத்தில் சேர்ப்பது இரண்டாவது வேலை.

இந்த இரண்டாவது வேலையைப் பற்றி முதலில் தெளிவாக எழுதியவர்களில் நம் முன்னோர் ஒருவர் இருக்கிறார். டமாஸ்கஸில் மருத்துவம் படித்து, கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர் மருத்துவர் மட்டுமல்லர், ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞரும் ஆவார். இப்னு சீனாவின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூறு பகுதிக்கு அவர் 1242ஆம் ஆண்டில் ஒரு விரிவுரை எழுதினார். இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம், இதயச் சுவரிலுள்ள துளை வழியாக இடப்பக்கம் போகிறது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. அப்படி ஒரு துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அங்கே காற்றுடன் கலந்த பிறகே இடப்பக்கம் வருகிறது என்று அவர் விளக்கினார். பல நூற்றாண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை, 1924இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் ததாவி கண்டெடுத்தார்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சொல்வது இந்த இரண்டாவது வேலையின் பலனை மட்டும்தான். முதல் வேலையான காற்று வந்து போகும் பாதை எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். குளம் நிறைந்து கிடக்கிறது என்பதால் அதற்குத் தண்ணீர் கொண்டு வரும் கால்வாய் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? கால்வாயில் பாதி தூர்ந்திருந்தாலும் சில காலம் குளம் நிறைந்தே தெரியும். வெயில் காலம் வந்து தண்ணீர்த் தேவை கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். மூச்சும் அப்படியே. குழாய் சுருங்கினால் உடல் வேகமாக, பலமாக மூச்சு இழுத்து இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்தப் பாடுதான் நமக்கு இளைப்பாகத் தெரிகிறது. விரலில் காட்டும் எண் குறையத் தொடங்கும்போது நோய் வெகு தூரம் போயிருக்கும்.

ஆக்ஸிமீட்டர்: சொல்வதும் சொல்லாததும்

இந்தக் கருவியின் தத்துவத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. 1974இல் அதை வெளியிட்டார். உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த 2020ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான் அவர் காலமானார்.

கருவி சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்துகிறது. ஆக்ஸிஜன் சேர்ந்த இரத்தமும் சேராத இரத்தமும் இந்த இரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த வித்தியாசத்தைக் கொண்டு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்று கணக்கிடுகிறது. ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக 95 முதல் 100 வரை இருக்கும்.

இதைப் பயன்படுத்தும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. விரல் சில்லிட்டிருந்தாலோ, கை அசைந்தாலோ எண் தவறாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, சில நிமிடங்கள் அமைதியாக உட்கார்ந்த பிறகு பாருங்கள். எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை காத்திருங்கள்.

2. நகப்பூச்சு, அடர்ந்த கருப்பு மருதாணி ஆகியவை ஒளியை மறைக்கலாம். பெருநாள், கல்யாணம் முடிந்த நாட்களில் மருதாணி இல்லாத விரலில் பார்ப்பது நல்லது.

3. கருத்த நிறமுள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்ஸிஜன் ஆபத்தான அளவு குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டிய நிலை, வெள்ளை நிற நோயாளிகளை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாக இருந்தது. நம்மவர்களில் பலர் கருத்த நிறத்தினர். எனவே எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பாருங்கள்.

4. மூடிய அறையில் கரி அடுப்பு அல்லது ஜெனரேட்டர் புகையில் மயங்கியவருக்கு இக்கருவியை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய இரத்தம் என்றே அது காட்டும். உயிர் போகும் நிலையிலும் 98 தெரியலாம்.

உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழே தொடர்ந்து காட்டினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 90க்குக் கீழே போனால் 108ஐ அழையுங்கள். எண் நன்றாக இருந்தாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, நெஞ்சுக்கூடு உள்வாங்குகிறது என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

பீக் ஃப்ளோ மீட்டர்: ஆஸ்துமாவுக்கு வீட்டுக் கருவி

இரண்டாவது கருவி பலருக்குத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் குழல். பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, உதட்டால் குழலை இறுக மூடி, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். உள்ளே இருக்கும் முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். அந்த வேகத்தில் ஊதினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியேறும் என்பதே அந்த எண். பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ரைட் இதன் முதல் வடிவத்தை 1959இல் அறிமுகப்படுத்தினார். கையடக்க வடிவம் பின்னர் வந்தது. இப்போது சில நூறு ரூபாய் முதல் கிடைக்கிறது.

நின்றுகொண்டு மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுதி வையுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. உடல் நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம் இப்படிச் செய்தால் அவரவருடைய சிறந்த எண் தெரிந்துவிடும். ஒருவருடைய சிறந்த எண் 400 என்று வைத்துக்கொள்வோம். 320க்கு மேல் இருந்தால் பச்சை, கவலை வேண்டாம். 200க்கும் 320க்கும் இடையில் வந்தால் மஞ்சள், மருத்துவர் முன்பே சொல்லி வைத்தபடி மருந்தைக் கூட்ட வேண்டும். 200க்குக் கீழே சிவப்பு, இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அதாவது 80 சதவீதமும் 50 சதவீதமும் எல்லைக் கோடுகள்.

இதனால் என்ன லாபம்? நாள்பட்ட ஆஸ்துமாக்காரர்களுக்கு இளைப்பு பழகிப் போயிருக்கும். மூச்சுக் குழாய் சுருங்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆகியும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். குழல் அவர்களை முந்திக்கொண்டு சொல்லிவிடும். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் இதைச் சரியாக ஊதப் பழகிக்கொள்வார்கள்.

ஸ்பைரோமீட்டர்: நோயைப் பிரித்துச் சொல்லும் சோதனை

மருத்துவர்கள் பி.எஃப்.டி. என்று எழுதித் தரும் சோதனையின் முக்கியப் பகுதி இது. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த ஒரு பாத்திரத்துக்குள் ஊதச் சொல்லி 2,000க்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்தார். ஆள் உயரமாக இருக்க இருக்க மூச்சின் கொள்ளளவும் கூடுகிறது, நோய் வந்தால் குறைகிறது என்று அவர் கண்டார். இன்றைய கருவி கம்ப்யூட்டருடன் இணைந்தது, ஆனால் அடிப்படை அதேதான்.

மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். மூச்சை முழுதாக இழுத்து, பலமாகவும் வேகமாகவும் ஊத ஆரம்பித்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்னும் வரை, சுமார் 6 விநாடிகள் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது மூன்று முறை. வெளிவந்த மொத்தக் காற்று எஃப்.வி.சி. முதல் ஒரு விநாடியில் மட்டும் வந்த காற்று எஃப்.இ.வி.1. மொத்தம் 3 லிட்டர் ஊதியவர் முதல் விநாடியிலேயே 2.4 லிட்டரை வெளியேற்றிவிட்டால் அது 80 சதவீதம், பாதை திறந்திருக்கிறது. முதல் விநாடியில் 1.5 லிட்டர்தான் வந்தது என்றால் 50 சதவீதம், பாதை அடைபட்டிருக்கிறது.

பிறகு இன்ஹேலர் மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். எஃப்.இ.வி.1 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் அடைப்பு மருந்துக்கு இளகுகிறது என்று பொருள், ஆஸ்துமாவுக்கு இது வலுவான அடையாளம். மருந்துக்குப் பிறகும் அந்த விகிதம் 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட அடைப்பு நோயாக இருக்கலாம். விகிதம் சரியாக இருந்து மொத்தக் காற்றே குறைந்திருந்தால் நுரையீரல் சுருங்கும் நோயா என்று மேலும் ஆராய வேண்டும். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு மட்டும் இவற்றை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் "எதிர்பார்க்கும் அளவில் இத்தனை சதவீதம்" என்று வரும். யாரிடம் எதிர்பார்க்கும் அளவு? ஐரோப்பியர்களின் அளவை வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான தென்னிந்தியரும் குறைவாகத் தெரிவார். அதனால்தான் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி.கே. விஜயனும் குழுவினரும், ஆரோக்கியமான நம்மவர்களை அளந்து 1990இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் கணக்குகளை வெளியிட்டார்கள். உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம்: வயதையும் உயரத்தையும் தோராயமாகச் சொல்லாமல் சரியாகச் சொல்லுங்கள். அவற்றை வைத்துத்தான் கருவி ஒப்பிடுகிறது.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அல்லது வயிற்று ஆபரேஷன் செய்தவர்கள், சளியில் இரத்தம் வருபவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை.

நம் மாவட்டத்தில் யார் ஊதிப் பார்க்க வேண்டும்?

சி.ஓ.பி.டி. என்றால் பீடி, சிகரெட் குடிப்பவர்களின் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் உம்மாமார்களில் எத்தனை பேர் சிகரெட் குடித்தார்கள்? ஆனால் முப்பது நாற்பது வருடம் கொதும்பும் மட்டையும் சிரட்டையும் எரித்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்தவர்கள் அவர்கள். வீட்டுக்கு கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகடுப்புதான். அண்டி ஆபீஸில் வறுக்கும் புகைக்கு அருகில் வேலை பார்த்த பெண்கள், தும்பு ஆலைத் தூசியில் நின்றவர்கள், செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் கிரஷரிலும் உழைத்தவர்கள், வளைகுடா நாடுகளில் கட்டுமானத் தூசியைச் சுவாசித்துவிட்டுத் திரும்பிய சகோதரர்கள் என்று இந்தப் பட்டியல் நீளமானது.

'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018இல் வெளியான கணக்கின்படி, 2016ஆம் ஆண்டு இந்தியாவில் சுமார் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு சி.ஓ.பி.டி.யும், 3 கோடியே 79 லட்சம் பேருக்கு ஆஸ்துமாவும் இருந்தன. உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் நாம். ஆனால் நாள்பட்ட சுவாச நோய்களால் இழக்கப்படும் ஆரோக்கிய வாழ்நாளில் 32 சதவீதம் நம் நாட்டுடையது.

நாற்பது வயதைத் தாண்டியவர், மாடி ஏறினால் இளைக்கிறது, மூன்று மாதமாகச் சளி, பள்ளிவாசலுக்கு நடந்து போகும்போது தன் வயதுக்காரர்களுடன் ஈடுகொடுக்க முடியவில்லை என்றால் ஒருமுறை ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்க்க வேண்டும். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அடிக்கடி இளைப்பு வந்து நெபுலைசர் வைத்து வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்த வளாகமே ஒரு காலத்தில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையாக இருந்ததுதான். நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள்.

வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால், வெள்ளிக்கிழமை இரவு சாம்பிராணியும் ஊதுபத்தியும் பகூரும் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. நறுமணத்துக்கு அத்தர் போதும். ஆனால் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

நோன்பும் மூச்சுப் பரிசோதனையும்

"நோன்பு வைத்துக்கொண்டு இந்தக் கருவியில் ஊதலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெறுமனே ஊதுவதால் வயிற்றுக்குள் எதுவும் போவதில்லை, அதனால் நோன்பு முறியாது. ஆனால் ஸ்பைரோமீட்டர் சோதனையின் நடுவில் இன்ஹேலர் மருந்து தருவார்கள் என்று பார்த்தோம். இன்ஹேலர் விஷயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நோன்பு முறியாது என்று சவூதி அறிஞர்களான இப்னு பாஸ், இப்னு உஸைமீன் போன்றோர் ஃபத்வா கொடுத்துள்ளனர். முறியும், பிறகு களாச் செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பெரும்பாலோரின் நிலைப்பாடு. எனவே அவசரமில்லாத சோதனையை ரமளானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது எளிது. ரமளானுக்கு முன்பு செய்தால் இன்னொரு நன்மை, ஸஹரிலும் இஃப்தாருக்குப் பிறகும் எடுக்கும்படி தினசரி இன்ஹேலரின் நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் இரு தரப்பு உலமாக்களுக்கும் வேறுபாடே இல்லை. மூச்சு முட்டும்போது இன்ஹேலரை எடுக்க வேண்டும். நோன்பு முறிவதாகவே வைத்துக்கொண்டாலும் களாவுக்கு இன்னொரு நாள் இருக்கிறது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுத்து உயிரை ஆபத்தில் தள்ளுவது இறையச்சம் ஆகாது.

பெண்களுக்கு ஒரு சொல். இந்தச் சோதனைக்கு ஆடை களைய வேண்டிய தேவை இல்லை. முகத்திரையை மட்டும் சிறிது நேரம் விலக்க வேண்டும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்கலாம், வீட்டார் கூட நிற்கலாம். கூச்சப்பட்டு நோயை வளர்க்காதீர்கள். ஹஜ், உம்ராவுக்குப் புறப்படும் முதியவர்களும் பயணத்துக்குச் சில வாரம் முன்பே ஊதிப் பார்த்துவிடட்டும். தவாஃபும் ஸயீயும் மினாவின் நீண்ட நடையும் நல்ல மூச்சைக் கேட்பவை.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, பிரஷர், சுகர் நோயாளிகளுக்கு மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் ஜமாஅத்துகள் நடத்தும் இலவச முகாம்களிலும் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் பார்க்கிறோம். மூன்றாவதாக மூச்சையும் சேர்த்தால் என்ன? மே மாத முதல் செவ்வாய் உலக ஆஸ்துமா தினம். நவம்பர் மூன்றாம் புதன் உலக சி.ஓ.பி.டி. தினம். இந்த நாட்களையொட்டி ஒரு நெஞ்சக நோய் மருத்துவரை அழைத்து, ஸ்பைரோமீட்டருடன் மதரஸா கட்டடத்தில் ஒரு முகாம் நடத்தலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். ஏழை வீட்டு ஆஸ்துமாப் பிள்ளைகளுக்குப் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிக் கொடுத்து, ஊதக் கற்றுக் கொடுப்பதும் ஒரு ஸதகாதான்.

இன்று வீட்டில் யாருக்காவது இளைக்கிறது என்றால் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள், தவறில்லை. 98 வந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். அதன் பிறகு, "எதனால இளைக்குது உம்மா?" என்ற கேள்வியுடன் அவரை ஊதிப் பார்க்க அழைத்துப் போங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.